மாடியில் ஒரு கேமரா: வாசகர் கேள்வி – பதில்

ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தில் இருக்கும் நெபுலாவின், அதாவது விண்வெளி வாயு மேகத்தின், படம் இந்தப் பக்கத்தில் வந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி, ‘நாங்களும் எடுக்க வேண்டும், எப்படி?’ என்றுதான் கேட்கின்றன. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அதே மாதத்தில்தான் நள்ளிரவில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வரும். இந்தப் பொருத்தம்தான் என்னை மொட்டை மாடிக்கு ஏற்றியது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேனான் 1300டி வைத்திருக்கிறேன். 130 மி.மீ. கண்ணாடியும் 650 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) டெலஸ்கோப் வாங்கினேன். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) நிலா பளிச்சென்று தெரிகிறது. டி-ரிங் (கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் வளையம்) போட்டு கேமராவை மாட்டினால் மங்கலாகவே இருக்கிறது. டெலஸ்கோப் கோளாறா? (தேனி வாசகர்)

டெலஸ்கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. கண்ணால் பார்ப்பதற்காகச் செய்த டெலஸ்கோப் அது. பிம்பம் ஃபோகஸர் குழாயின் வாயருகே விழும். உங்கள் கேமராவிலோ, லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே தள்ளி சென்சார் இருக்கிறது. டி-ரிங்கையும் சேர்த்தால் 55 மி.மீ. அவ்வளவு தூரம் கேமரா உள்ளே போக வேண்டும். ஃபோகஸர் அதற்கு முன்பே முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஃபோகஸரை உள்பக்கம் திருகிக்கொண்டே போங்கள். நிலா தெளிவாகிக்கொண்டே வந்து, இன்னும் கொஞ்சம்தான் என்கிற நேரத்தில் குழாய் முட்டினால் இதுதான் விஷயம்.

முதலில் 1.25 அங்குல ஐபீஸ் பிடியைப் பாருங்கள். சில டெலஸ்கோப்களில் அதன் வெளிப்பக்கத்திலேயே டி-ரிங்குக்கான மரை இருக்கும். நடுவில் வேறு அடாப்டர் இல்லாமல் நேரடியாகத் திருகினால் சில மி.மீ. மிச்சமாகும். சில சமயம் அதுவே போதும். போதவில்லை என்றால் பிம்பத்தை 2 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போடுங்கள். பிம்பம் வெளியே தள்ளி விழும், நிலா கிடைத்துவிடும். ஆனால் எஃப்/5 டெலஸ்கோப் எஃப்/10 ஆகிவிடும். நெபுலாவுக்கு நாலு மடங்கு நேரம் திறந்து வைக்க வேண்டிவரும். பெரிய கண்ணாடியை நீளமான போல்ட் போட்டு முன்னால் நகர்த்துகிறவர்களும் உண்டு. வாரண்டி முடிகிறவரை அதில் கை வைக்காதீர்கள்.

சரி, ஃபோகஸ் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நெபுலா வராது. உங்கள் ஸ்டாண்டில் மோட்டார் இல்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். பூமி சுற்றுவதால் ஓரியன் பக்கத்து நட்சத்திரங்கள் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) நகர்கின்றன. 650 மி.மீ. குவியத் தூரத்தில், உங்கள் சென்சாரில், அது சுமார் 11 பிக்சல். இரண்டு நொடி திறந்தாலே புள்ளி கோடாகிவிடும். டெலஸ்கோப் கடைக்காரர் குழாயின் பெருமையைத்தான் பேசுவார். நமக்கு வேண்டியது அதைச் சுமந்துகொண்டு வானத்தோடு சேர்ந்து திரும்புகிற மவுண்ட். காசு முதலில் அங்கே போக வேண்டும்.

அதுவரை? டெலஸ்கோப்பை நிலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டி, சாதாரண ட்ரைபாடில் நிறுத்துங்கள். எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 1600, 4 நொடி, ரா ஃபைல். திருவாதிரை நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, எவ்வளவு சின்னப் புள்ளியாக வருமோ அவ்வளவுக்கு ஃபோகஸைத் திருகி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ரிமோட் ரிலீஸில் 300 படம். திறந்திருந்த நேரம் மொத்தம் 20 நிமிடம். ஓரியன் நகர நகர ட்ரைபாடை அவ்வப்போது திருப்பிக்கொள்ளுங்கள். அத்தனையையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்கிற மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், வேட்டைக்காரனின் வாளில் 1,300 ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருக்கும் அந்தப் புகை தெரியும். தேனியில் ஜனவரி, பிப்ரவரி அமாவாசை வாரத்தை விடாதீர்கள்.

நூறு படம் எடுத்து அடுக்குவதற்குப் பதில் ஒரே படமாக அரை மணி நேரம் திறந்து வைத்தால் என்ன? (சிவகாசி வாசகர்)

ஒரு விமானம் குறுக்கே போனால் அந்த அரை மணி நேரமும் வீண். நூறு படம் இருந்தால் அதில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஊர் வெளிச்சம் அரை மணி நேரத்தில் படத்தை வெளுத்தும் விடும். அப்புறம் கணக்கு: நூறு படம் அடுக்கினால் சத்தம், அதாவது அந்தப் பொரிப்பொரியான கறை, ஒரு படத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்காகக் குறையும். நானூறு அடுக்கினால் இருபதில் ஒரு பங்கு. அதனால்தான் முதல் நூறில் தெரிகிற முன்னேற்றம் அடுத்த நூறில் தெரியாது.

கூடவே லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே திறப்பு நேரத்தில், சென்சாரின் கறை மட்டும் பதிகிற டார்க் படங்கள் இருபது முப்பது எடுங்கள். அதை அன்றைக்கு ராத்திரியே எடுத்துவிட வேண்டும். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குள் எடுத்தால் சென்சார் சூடு வேறு, கறையும் வேறு. ஃப்ளாட் படத்துக்கு டெலஸ்கோப் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டி, விடியற்காலை வானத்தைப் பார்த்து எடுங்கள். வேட்டியில் சுருக்கம் கூடாது. சென்சாரில் ஒட்டியிருக்கிற தூசியும் ஓரத்து இருட்டும் அதில் பதிவாகும்; மென்பொருள் அதை வைத்துப் படத்தைச் சரிசெய்துகொள்ளும்.

மோட்டார் மவுண்ட் வாங்கிவிட்டேன். துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்யச் சொல்கிறது கையேடு. எங்கள் மாடியிலிருந்து அது தெரியவே தெரியாது. (நாகர்கோவில் வாசகர்)

தெரியாதுதான். துருவ நட்சத்திரம் உங்கள் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். லண்டன்காரருக்கு 51 பாகை, உங்களுக்கு 8. ஒரு தென்னை மரம் மறைத்துவிடும். கையேடு எழுதியவர் நம் பக்கத்தை நினைத்து எழுதவில்லை.

மவுண்டின் சுழல் அச்சு வடக்கே, உங்கள் அட்சரேகை அளவு உயரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அந்த வடக்கை வெயிலிலேயே குறித்துவிடலாம். ஸ்தபதிகள் சங்கு (நிழல் பார்க்கும் முளை) நட்டுத் திசை பார்க்கிற முறைதான் இது. சமதளமான இடத்தில் ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி; மாலையில் மறுபடி தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால் வடக்கு தெற்கு. டிசம்பர், ஜனவரியில் செய்யுங்கள். ஏப்ரலில் சூரியன் உங்கள் தலைக்கு மேலேயே வந்துவிடும், நடுப்பகலில் நிழலே இருக்காது. அந்தக் கோட்டைப் பெயிண்டால் போட்டுவிட்டால் அப்புறம் கவலை இல்லை. போன் காம்பஸை மவுண்டின் இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்லும்.

மவுண்டின் உயர அளவுகோல் 8 பாகை வரை இறங்குகிறதா என்று பாருங்கள். பலவற்றில் இறங்காது. அப்படியானால் ட்ரைபாடின் வடக்குக் காலைக் குட்டையாக்கினால் அச்சு இன்னும் தாழும். எடைக்கல் ஏதாவது காலில் இடிக்கிறதா என்பதையும் இருட்டுவதற்கு முன் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

மிச்சத்தை நட்சத்திரமே சொல்லும். உச்சிக் கோட்டுக்கு (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோடு) பக்கத்தில், வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு) ஒட்டி இருக்கிற ஒரு நட்சத்திரத்தை, ஓரியனின் இடுப்புப் பட்டையில் ஒன்று என்றால் வசதி, நடுவில் நிறுத்தி மோட்டாரை ஓட விடுங்கள். அது தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அப்புறம் கிழக்கில் தாழ நிற்கும் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே போனால் உயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் வேலையை ஆரம்பிக்கலாம்.

மற்றவர்கள் படத்தில் நெபுலா ரத்தச் சிவப்பாக இருக்கிறது. என் நிக்கானில் சாம்பலும் ரோஜாவுமாக வருகிறது. (கோவை வாசகர்)

அந்தச் சிவப்பு ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளி. மனிதத் தோல் நிறம் சரியாக வர வேண்டும் என்று, கேமராவுக்குள் இருக்கிற வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கல்யாணத்துக்கு நல்லது, நெபுலாவுக்குக் கெடுதல். இதற்கென்றே கேனான் 60டிஏ-வையும் நிக்கான் டி810ஏ-வையும் வெளியிட்டார்கள். சாதாரண கேமராவில் அந்த வடிகட்டியைக் கழற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய பாடி ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். சோறு போடுகிற கேமராவைக் கொடுக்காதீர்கள்.

சென்னை அடுக்குமாடியில் ஏதாவது எடுக்க முடியுமா? (வேளச்சேரி வாசகர்)

ஆண்ட்ரோமீடா மாதிரி கேலக்ஸிகளை மறந்துவிடுங்கள். கேலக்ஸியின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் ஃபில்டர் போட்டாலும் தெருவிளக்கிலிருந்து பிரிக்க முடியாது. நெபுலாவுக்கு, குறிப்பிட்ட இரண்டு நிற ஒளியை மட்டும் விடுகிற டூயல் பேண்ட் ஃபில்டர் உதவும். நட்சத்திரக் கொத்துகளுக்கு அதுகூட வேண்டாம். மே மாதம் ராத்திரி பத்து மணிவாக்கில் நேர் தெற்கே, சுமார் 30 பாகை உயரத்தில் ஓமேகா சென்டாரி நிற்கும். 17,000 ஒளியாண்டுத் தொலைவில், கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த உருண்டை. லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உங்கள் பால்கனி தெற்குப் பார்த்ததா என்று எழுதவில்லையே!