பாயின்ட்டை மைலாக மாற்றலாமா?

கேள்வி: கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயின்ட்டுகளைப் பரிசுக் கூப்பனாக வாங்குவதா, விமான மைல்களாக (விமான நிறுவனக் கணக்கில் சேரும், டிக்கெட் எடுக்க உதவும் புள்ளிகள்) மாற்றுவதா?

பதில்: கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய வரி, எரிபொருள் கட்டணத்தைக் கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் மைல்களால் வகுங்கள். விலை 30,000 ரூபாய், வரி 6,000 ரூபாய், தேவை 20,000 மைல் என்றால் ஒரு மைலின் மதிப்பு 1.20 ரூபாய். ஆனால் 2 பாயின்ட்டுக்கு 1 மைல்தான் தருகிறார்கள் என்றால், ஒரு பாயின்ட்டின் மதிப்பு 0.60 ரூபாய் ஆகிவிடும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கூப்பனில் இதைவிடக் குறைவாகக் கிடைத்தால் மைலே மேல்.

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். மாற்றிய மைல் பெரும்பாலும் பாயின்ட்டாகத் திரும்பாது. முதலில் விமான நிறுவனத் தளத்தில், நீங்கள் போகும் தேதியில் மைல் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மைல் வந்துசேரச் சில நாள் ஆகலாம்; அதற்குள் இருக்கை போய்விடலாம். எனவே மைல் வரும்வரை இருக்கையைப் பிடித்துவைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். கார்டு கணக்கிலும் விமான நிறுவனக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்.

ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைப்பதும் வேண்டாம், விமான நிறுவனங்கள் டிக்கெட்டுக்குத் தேவையான மைல் எண்ணிக்கையை உயர்த்திவிடலாம். கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வட்டி எல்லாப் பாயின்ட்டையும் விழுங்கிவிடும்.