கேள்வி-பதில்: விறகு விலைக்குக் காற்றும் தண்ணீரும்

ஒன்ராறியோவில் குளிர் தொடங்கினால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி விறகைப் பற்றித்தான். ஸ்காபரோவை விட்டுத் தூரத்தில் வீடு வாங்கிப் போன நம் ஆட்கள் கூடிவிட்டார்கள், அங்கே பல இடங்களில் எரிவாயுக் குழாய் கிடையாது. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பீற்றர்பரோவுக்கு வெளியே 1,800 சதுர அடி வீடு, மின்சாரச் சூடாக்கி. விறகடுப்பு போட்டால் குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும்? ஒருவர் மூன்று கோர்டு (விறகை அடுக்கி அளக்கிற அளவு, விவரம் அடுத்த பதிலில்) என்கிறார், இன்னொருவர் பத்து என்கிறார்.

சதுர அடியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. போன வருட ஹைட்ரோ பில்களை, அதாவது மின்சார பில்களை, எடுங்கள். ஒவ்வொரு குளிர்கால மாத யூனிட்டிலும் ஜூன் மாத யூனிட்டைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டுங்கள், அதுதான் சூட்டுக்குப் போனது. நன்றாகக் காய்ந்த ஹார்ட் மேப்பிள் ஒரு முழுக் கோர்டு, நல்ல அடுப்பில் எரித்தால், ஏறக்குறைய 4,500 யூனிட் மின்சாரத்தின் சூட்டை வீட்டுக்குள் தரும். உங்கள் கணக்கு 20,000 யூனிட் என்று வந்தால் நாலரைக் கோர்டு. அதே கோர்டு வெள்ளைப் பைனாக இருந்தால் 2,700 அளவில்தான் தரும், அப்போது ஏழரை வேண்டும். ஆக உங்கள் நண்பர்கள் இருவரும் பொய் சொல்லவில்லை, என்ன மரம், சுவருக்குள் காப்புப் பஞ்சு இருக்கிறதா என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒற்றை அடுப்பின் சூடு பின் அறைகளுக்கு அவ்வளவாகப் போகாது, அங்கே மின்சாரத்தைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்வி: கோர்டு 150 டொலர் என்று விளம்பரம். ஐந்து கோர்டுக்கு 750 டொலர் காசாகக் கொடுத்தேன். முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். அடுக்கிப் பார்த்தால் மிகக் குறைவு. கேட்டால் ‘அது ஃபேஸ் கோர்டு, இங்கே எல்லோரும் அப்படித்தான் விற்கிறார்கள்’ என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

ஏமாந்துவிட்டீர்கள் தம்பி, ஆனால் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இந்த ஃபேஸ் கோர்டு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோர்டு என்றால் (வழக்காடுகிற கோர்ட் இல்லை, அங்கேயும் போக வேண்டி வரலாம்) நெருக்கமாக அடுக்கிய 128 கன அடி விறகு: எட்டு அடி நீளம், நாலு அடி உயரம், நாலு அடி அகலம். கனடாவின் சட்டப்படி அளவு அதுதான், இல்லையென்றால் கன மீட்டர். ஃபேஸ் கோர்டு, ஸ்டோவ் கோர்டு, ‘ஒரு லோட்’ எதுவும் சட்டப்படியான அளவே இல்லை. ஃபேஸ் கோர்டில் முன்பக்கம் அதே எட்டுக்கு நாலுதான் தெரியும், ஆனால் கட்டையின் நீளம் 16 அங்குலம், அதாவது அகலத்தில் மூன்றில் ஒன்று. நீங்கள் ஐந்துக்குக் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே முக்காலுக்கும் சற்றுக் குறைவு. முழுக் கோர்டுக்கு 450 டொலர் போட்டிருக்கிறீர்கள். ஊரில் விறகுகாலையில் அந்தர்க் கணக்கில் நிறுத்து வாங்கிய காலத்தில் நிறை கூட்ட விறகில் தண்ணீர் தெளிப்பார்கள் என்று அம்மா திட்டுவார், இங்கே அளவு கன அடியில், அதனால் காற்றை விற்கிறார்கள்.

ஒரு கட்டையையும் எரிக்காதீர்கள். நெருக்கமாக அடுக்கி, நீளம், உயரம், அகலத்தை அடியில் அளந்து பெருக்கி 128ஆல் வகுங்கள். படம் எடுங்கள், விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள். விற்றவரிடம் மிச்சத்தைக் கேளுங்கள், தராவிட்டால் அளவுகளைக் கண்காணிக்கிற அரசு நிறுவனமான மெஷர்மென்ட் கனடாவுக்கு முறைப்பாடு கொடுங்கள், விறகு அவர்கள் கவனிக்கிற விடயம்தான். அடுத்த முறை ரசீதில் கன அடியை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: டிசம்பரில் ‘காய்ந்த விறகு’ என்று வாங்கினேன். பற்றவே மாட்டேன் என்கிறது, சீறுகிறது, கண்ணாடி கறுக்கிறது. அடுப்பு பழுதா?

அடுப்பில் ஒரு பழுதும் இல்லை. டிசம்பரில் போய் விறகு தேடினால் இதுதான் கிடைக்கும், போன வருடமும் எழுதினேன், அதற்கு முந்திய வருடமும் எழுதினேன். பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி முடித்த பிறகுதான் அடுப்பு உங்களைப் பார்க்கும், அதுவரை அது வெறும் கேத்தல். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடிக் காற்றுப் பட விட்டால் மேப்பிள் காய ஒரு வருடம், ஓக் இரண்டு வருடம்கூட எடுக்கும். ஈரமானி வாங்குங்கள், 30, 40 டொலர். கட்டையின் வெளியில் குத்தாமல், பிளந்து உள்முகத்தில் குத்துங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

நானும் யோக்கியன் இல்லை. என் முதல் குளிர்காலத்தில் பிக்கப்பில் ஒருவர் கொண்டுவந்த விறகை, வாசம் நன்றாக இருக்கிறதே என்று வாங்கினேன். அது பச்சை மரத்தின் வாசம். மாசி மாதம் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளேயிருந்து சுரண்டிய தார் ஒரு வாளி. அது தீப்பிடித்திருந்தால் கூரை போயிருக்கும்.

கேள்வி: பிரம்டன் வீட்டில் திறந்த கணப்பு ஒன்று உண்டு. அதில் விறகு எரித்து ஹைட்ரோ பில்லைக் குறைக்கலாமா?

பில் கூடத்தான் செய்யும். வீட்டின் சூடான காற்றை அது புகைபோக்கி வழியாக வெளியே இழுத்துவிடும்.

கேள்வி: பழைய விறகடுப்பு 200 டொலருக்கு வருகிறது. பின்னால் இருக்க வேண்டிய சான்றுத் தகடு இல்லை. வாங்கலாமா?

நான் 250க்கு வாங்கினேன், தகடு இல்லாமல். வீட்டுக் காப்புறுதிக்காரர் பரிசோதனை அறிக்கை கேட்டார், பரிசோதிக்க வந்தவர் தகடு எங்கே என்றார், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்குமாம். அடுப்பு இப்போது பின்வளவில். வேண்டுமானால் 100க்குத் தருகிறேன், வாங்காதீர்கள்.

கேள்வி: கட்டட வேலையில் மிஞ்சிய பெயின்ற் அடித்த பலகை, மருந்தேற்றிய வேலி மரம் எரிக்கலாமா?

கூடாது. பழைய மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.