குதிரை கொட்டாவி விடட்டும்

கேள்வி: 5 வயது மகனுக்கு, பெயர் மறந்துபோன ஈயின் கதையைச் சொன்னால் எழுந்து குதிக்கிறான். கதை சொல்லும் அவன் அப்பாதான் முதலில் குறட்டை விடுகிறார். என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கன்று, பசு, இடையன், கோல் என்று ஈ ஒவ்வொருவராய்க் கேட்டுப் போகும் அடுக்கு தாலாட்டு மாதிரி. கடைசியில் குதிரை 'ஹி...ஈ' என்று கனைத்து ஈக்குப் பெயரை நினைவூட்டுவதுதான் அவனை எழுப்பிவிடும் வெடி. கொழுக்கட்டையின் பெயரை மறந்து 'அத்திரிபாச்சா' என்று சொல்லும் கதையும் அதே ரகம்; இரண்டையும் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். படுக்கையில்தான் வேண்டும் என்றால் முதல் சுற்று சிரித்தே முடியட்டும். விளக்கை அணைத்து இரண்டாம் சுற்று: தணிந்த குரல், பெயருக்கு ஒரு மூச்சு இடைவெளி, குதிரைக்குக் கனைப்புக்குப் பதில் கொட்டாவி. நடுவில் ஒரு பெயரை விட்டால் போச்சு, திருத்துவதற்கென்றே எழுந்து உட்காருவான். அப்பா உட்கார்ந்து சொல்லட்டும். படுத்தால் அவர் கதை முடிந்தது.