ஒரு ஷாட்டில் வசனமே இல்லாமல் அர்த்தம் எப்படி வருகிறது?

ஃபிரேமுக்குள், அதாவது திரையில் தெரியும் சட்டகத்துக்குள், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் ஒரு காட்சி. முன்னால் மேசையில் தாய், மகனை வேறொருவர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறாள். அதை எதிர்க்கும் தந்தை நடுவில். பின்னால், ஜன்னலுக்கு வெளியே சிறுவன் பனியில் விளையாடுகிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எல்லோரையும் ஒரே நேரத்தில் தெளிவான ஃபோகஸில் வைத்திருப்பார். முடிவெடுப்பவள் பெரிதாகத் தெரிகிறாள். யாருடைய வாழ்க்கை மாறுகிறதோ அவன் ஜன்னல் சட்டத்துக்குள் அடைபட்டு, எதுவும் தெரியாமல். பின்னணியை மங்கலாக்கியிருந்தால் இது வெறும் கையெழுத்துக் காட்சிதான்.

லென்ஸும் இப்படித்தான். டெலிஃபோட்டோ (தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) முன்னும் பின்னுமாகத் தூரத்தில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் நெருக்கிக் காட்டும். வைட் லென்ஸ் (அகலமான காட்சியைப் பிடிப்பது) அவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அதிகமாக்கிக் காட்டும்.

அப்புறம் நிறம். சிவப்பு என்றால் ஆபத்து, நீலம் என்றால் சோகம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள் (இந்தப் பட்டியல்கள் எனக்குப் பிடிப்பதே இல்லை). அதே சிவப்பை அந்தப் படம் இதற்கு முன் யாரோடு, எந்தச் சூழலில் காட்டியது என்று பாருங்கள். படம் முழுக்கச் சாம்பலாக இருந்து ஒரு சட்டை மட்டும் சிவப்பாக வந்தால், கண் அங்கேதான் போகும்.