கொட்டகை என்று சொன்னீர்கள்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகச் சென்ற மாதம் சைப்ரஸ் போயிருந்தேன். வேலை முடிந்தபின் இரண்டு நாள் கையில் இருந்தது. வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ட்ரூடோஸ் மலைப்பகுதியில் இருக்கும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுப் பாணி) தேவாலயங்களைப் பார்க்கக் கிளம்பினேன். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பத்தில் ஐந்தைப் பார்த்துவிட்டேன். அசினுவில் மட்டும் நாற்பது நிமிடம் இருந்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். வெளியிலிருந்து பார்க்க மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது. உள்ளே இருட்டு. படம் எடுக்க விடவில்லை. சுவரில் இருப்பவர்கள் எல்லாரும் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், முகங்களும் ஒன்றுபோல. முன்பு இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து ஓவியங்களைப் பார்த்திருப்பதால் அப்படித் தோன்றியதோ என்னவோ. இந்த ஓவியங்களைப் பெயர்த்து நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் என்ன? பைசாந்திய ஓவியத்தை ரசிக்க எப்படிப் பழகுவது? புத்தகம் ஏதாவது சொல்ல முடியுமா?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தைத் திறந்தபோது ஒரு கையில் வாளி இருந்தது. எங்கள் வீட்டு மாடி ஒழுகுகிறது. நான்கு நாளாக மழை, நான்கு நாளாக என் மனதில் கூரையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் 'மாட்டுக்கொட்டகை' என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். படம் எடுக்க விடாதது நல்லதுக்குத்தான். இருட்டு என்பது, இரண்டு நாளில் ஐந்து கோயில் பார்த்தவருக்கு இருட்டாகத்தான் இருக்கும். ஃப்ளாரன்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

'விறைத்து நிற்கிறார்கள்' என்றதை மட்டும் அப்படி விட முடியாது. அசினுவின் மேற்குப் பகுதியில் நாற்பது பேர் கூட்டமாக நிற்கும் ஓவியம் ஒன்று உண்டு. செபாஸ்தேயின் நாற்பது தியாகிகள். ரோமானியப் படைவீரர்கள். கிறிஸ்துவை மறுக்க மாட்டோம் என்றதற்காக 320ஆம் ஆண்டு வாக்கில் அவர்களை ஆடையின்றி உறைந்த ஏரியில் இரவெல்லாம் நிற்கவைத்தார்கள். கரையிலேயே வெந்நீர்க் குளியலறையைத் திறந்தும் வைத்தார்கள். யார் மனம் மாறினாலும் ஓடிவந்து சூடேற்றிக்கொள்ளலாம். ஒருவன் ஓடிவிட்டான். காவலுக்கு நின்றவர்களில் ஒருவன் அதைப் பார்த்துத் தன் உடையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனியில் இறங்கி எண்ணிக்கையை நாற்பதாக்கினான் என்பது கதை. நரைத்த தாடிக்காரர்களும் மீசை அரும்பாத பையன்களும் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கிறார்கள். ஆமாம், விறைத்துத்தான் நிற்கிறார்கள். குளிர். 1105-06இல் வரைந்தது. அதற்கு முன்னால் பத்து நிமிடம் நின்றிருந்தீர்களா?

சரி, கொட்டகைக்கு வருகிறேன்.

உள்ளே நீங்கள் அண்ணாந்து பார்த்தது கல்லால் கட்டிய வளைந்த கூரை. முன்மண்டபத்துக்கு மேலே ஒரு குவிமாடமும் இருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் இரண்டும் தெரியாது. அவற்றின் மேல் மரச்சட்டம் போட்டு, செங்குத்தாகச் சரித்து, தட்டை ஓடு வேய்ந்த இன்னொரு கூரை கவிந்திருக்கிறது. கோயிலுக்குக் குடை பிடித்த மாதிரி. அந்த ஓடுகளில் கொக்கி போல ஒரு முனை உண்டு, அதைக் கட்டையில் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் குவிமாடத்தை வானத்துக்குக் காட்டி நிறுத்தினார்கள். ட்ரூடோஸ்காரர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. அங்கே மழையும் உண்டு, உயரே போனால் பனியும் உண்டு. குவிமாடத்தில் விழுந்த பனி ஒரேயடியாக வழிந்து போவதில்லை. மெல்ல உருகி, கல்லிடுக்கில் இறங்கும்.

இறங்கினால் என்ன ஆகும்? ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல் வண்ணத்தைத் தீட்டுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் காயக் காயக் கல்லாகிறது, வண்ணம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் தொள்ளாயிரம் வருடம் நிற்கிறது. ஆனால் சுவருக்குள் நீர் நடமாடினால் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். நீர் காய்ந்ததும் உப்பு மேல்தோலுக்கு அடியில் பூத்து, வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். ஒருநாள் காலையில் புனிதரின் கன்னம் தரையில் கிடக்கும். இந்தத் தீமைக்கு இன்றைக்கும் முதல் மருந்து நீரை நிறுத்துவதுதான். அந்த மலைக்காரர்கள் எந்த ஆய்வகமும் இல்லாமல் அதைச் செய்துவிட்டார்கள். கொட்டகை போட்டார்கள்.

கக்கோபெத்ரியா பக்கத்தில் புனித நிக்கோலாஸ் கோயில் ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு, அதற்கும் மேல் பிற்பாடு இப்படியொரு கூரை ஏறியது. ஊர்க்காரர்கள் அவரை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? ஆயியோஸ் நிக்கோலாஸ் திஸ் ஸ்தெயிஸ். கூரை நிக்கோலாஸ். புனிதரின் பெயரோடு கூரையைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். உங்கள் ஐந்தில் அதுவும் ஒன்றா?

அசினுவில் நிகேஃபோரஸ் மாகிஸ்ட்ரோஸ் என்பவர் கோயிலைச் சின்ன பொம்மைபோல் கையில் ஏந்தி மாதாவின் வழியாகக் கிறிஸ்துவிடம் கொடுக்கிறார். பணம் கொடுத்தவர், பெயர் கல்வெட்டுபோல் சுவரிலேயே இருக்கிறது. அதே மலையில் பெதூலாஸ் ஊர்க் கோயிலுக்கு 1474இல் கொடுத்தவர் வசிலியோஸ் என்ற பாதிரியார். மனைவியோடும் மகள்களோடும் நிற்கிறார். வரைந்தவர் மினாஸ் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஓடு மாற்றியவன் பெயர் எங்கேயாவது உண்டா? ஒருமுறை வேய்ந்துவிட்டால் முடிந்துபோகிற வேலையா அது? காற்றுக்கு நகரும், பனிக்கு வெடிக்கும், மரம் உளுத்துப்போகும். அசினுவின் சுவர் வரையப்பட்டபோது ஆண்டவர் பைசாந்தியப் பேரரசர் அலெக்ஸியோஸ் கொம்னெனோஸ். 1191இல் இங்கிலாந்து அரசன் ரிச்சர்ட் தீவைப் பிடித்தான், டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களுக்கு விற்றான், மறுவருடம் அது லூசின்யான் என்ற பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தின் கைக்குப் போனது. அந்த 1192இலேயே, இத்தனை குழப்பத்துக்கும் நடுவில், லகுதெரா என்ற மலையூர்க் கோயிலில் ஒருவன் சாரத்தின் மேல் நின்று மாதாவை வரைந்துகொண்டிருந்தான் என்பது தனிக்கதை. அப்புறம் வெனிஸ், 1571இல் துருக்கியர், 1878இல் பிரிட்டிஷார். யார் ஆண்டாலும் ஓடு உடையும். யாரோ ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் போதும், நீங்கள் ஏமாற்றமடையக்கூட அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மார்த்தாண்டம் பக்கம் எங்கள் அம்மாச்சி வீடு ஓட்டு வீடு, மண்சுவர். மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால், ஓடு மேய ஆள் வருவார். கூரைமேல் அவர் பூனைபோல் நடப்பார், கீழே நாங்கள் எண்ணிக்கொடுப்போம். தாத்தா போனபின் பாகம் பிரிப்பதில் மாமாக்களுக்குள் சண்டை. யார் பங்குக்குள் விழுகிற வீடோ அவர்தானே ஓடு மாற்ற வேண்டும், நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று மூன்று பேரும் இருந்துவிட்டார்கள். முகட்டில் ஒரு ஓடு நகர்ந்தது. ஒரே ஒரு ஓடு. மூன்று மழைக்காலம். நடுமுறிச் சுவரில் பேரப்பிள்ளைகளின் உயரத்தை அம்மாச்சி கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தாள், எனக்கு ஆறு வயதில் போட்டதும் அதில் உண்டு. வழக்கு முடிந்து கதவைத் திறந்தபோது அந்தச் சுவர் ஒரு மண்மேடாக இருந்தது. அதன்மேல் பப்பாளி முளைத்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கொட்டகை என்று லேசாகச் சொல்லாதீர்கள்.

அருங்காட்சியகம் என்றீர்கள். உங்களுக்கு முன்பே சிலர் அப்படிச் சுவரிலிருந்து பெயர்த்துப் பார்த்தார்கள், அவர்கள் திருடர்கள். மலைக்குக் கீழே சமவெளியில் லீசி என்ற ஊரில் ஒரு சின்னக் கோயில். 1974க்குப் பிறகு அந்தப் பகுதி துருக்கியப் படையின் பிடியில் போனபின், குவிமாடத்து ஓவியத்தையும் பீடத்துக்கு மேலிருந்த மாதாவையும் 38 துண்டுகளாக அறுத்து எடுத்துப் போனார்கள். டொமினிக் தெ மெனில் என்ற அம்மையார் சைப்ரஸ் திருச்சபையின் சம்மதத்தோடு அவற்றை மீட்டு, பழுதுபார்த்து, அமெரிக்காவின் ஹூஸ்டனில் அதற்கென்றே ஒரு கட்டடம் கட்டிவைத்தார். 1997 முதல் 2012 வரை அங்கே இருந்தது, பிறகு சைப்ரஸுக்குத் திரும்பியது. நல்ல வெளிச்சம், நல்ல குளிர்சாதனம், எல்லாம் உண்டு. ஆனால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை, நிக்கோசியாவில் இருக்கிறது. பெயர்க்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டும் தம்பி. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டீர்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் இனி கேட்காதீர்கள்.

நான் அசினு போனது பல வருடங்களுக்கு முன்னால். அப்போது கோயில் பூட்டியே கிடக்கும். நிகிதாரி கிராமத்துக் காப்பிக்கடையில் விசாரித்துப் பாதிரியாரைத் தேடிப்பிடித்து, அவரையும் சாவியையும் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வயதானவர், கறுப்பு அங்கி. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயில் வந்ததும் சாவியை எடுக்காமல், தலையைத் தூக்கி இறவாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டடத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பிரதட்சிணம் செய்கிறார் என்று நினைத்துப் பின்னாலேயே பயபக்தியோடு நானும் சுற்றினேன். வடக்குப் பக்கம் புல்லில் ஒரு ஓட்டுத்துண்டு கிடந்தது. குனிந்து எடுத்தார், மேலே பார்த்தார், என்னிடம் கிரேக்க மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். திட்டுவது போலத்தான் இருந்தது. துண்டை அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் கதவைத் திறந்தார்.

நீங்கள் புத்தகம் கேட்டிருந்தீர்கள். இன்னொரு நாள் எழுதுகிறேன், வாளி நிறைந்துவிட்டது.