முன்பக்க முழங்கால் வலி: சீட் உயரத்தைப் பாருங்கள்

கேள்வி: வயது 58. தினமும் 30 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. ஓட்டுவதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம். இந்த வலிக்குப் பல நேரம் சீட் தாழ்ந்திருப்பதே காரணம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கினால் சீட்டை 5 மி.மீ. மட்டும் உயர்த்தி, ஒரு வாரம் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் வலி முழங்காலின் பின்பக்கம் போய்விடும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதும் கெடுதல். லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதியுங்கள். இந்த வயதில் தசைநார் மெதுவாகத்தான் ஆறும். ஆறு வாரமாவது தூரத்தைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுங்கள். வீக்கமோ இரவு வலியோ இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.