ப்ளூ லைன் நம் தெருவுக்கு வரும் முன்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் ப்ளூ லைன் லைட் ரயிலை (நகருக்குள் ஓடும் மின்சார ரயில்) ராபின்ஸ்டேல், கிரிஸ்டல் வழியாக புரூக்ளின் பார்க் வரை நீட்டும் திட்டம் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக இந்தக் கூட்டங்களுக்குப் போய் வருகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, கூட்டத்துக்குப் போய்ப் பேசினால் ஏதாவது மாறுமா? எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுத்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்?

மாறும். மினியாபொலிஸையும் பக்கத்து ஊரான செயின்ட் பாலையும் இணைத்து 2014 ஜூனில் ஓட ஆரம்பித்த க்ரீன் லைன் ரயிலைப் பாருங்கள். செயின்ட் பாலில் யுனிவர்சிட்டி அவென்யூவின் கிழக்குப் பகுதிக்கு முதலில் போட்ட திட்டத்தில் சுமார் ஒரு மைலுக்கு ஒரு ஸ்டேஷன்தான். கார் இல்லாமல் பஸ்ஸை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம் அது, கறுப்பினத்தவர், மோங் என்ற தென்கிழக்கு ஆசிய இனத்தவர், வியட்நாமியர் என்று. பக்கத்திலேயே ரோண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பை 1950, 60களில் நெடுஞ்சாலைக்காக இடித்த நினைவு இன்னும் ஆறவில்லை. ரயில் நம் வாசலில் ஓடும், ஆனால் நிற்காது என்றால் யார் பொறுப்பார்கள்?

ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் ஆகிய மூன்று சந்திப்புகளிலும் ஸ்டேஷன் வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்டார்கள். செலவுக்கேற்ற பயன் என்று மத்திய அரசு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது, ஸ்டேஷனைக் கூட்டினால் அது குறைந்து மானியமே போய்விடும் என்று பதில் வந்தது. அவர்கள் அதோடு விடவில்லை. உள்ளூரில் கேட்டுக்கொண்டே, அந்த விதியை மாற்றச் சொல்லி வாஷிங்டன் வரைக்கும் போனார்கள். 2010 ஜனவரியில் விதி தளர்ந்தது, மூன்று ஸ்டேஷன்களும் வந்தன. அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, "முடியாது" என்று பதில் வந்தால் எந்த விதியால் முடியாது, அந்த விதி யார் கையில் இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள்.

வடக்கு மினியாபொலிஸில் வெஸ்ட் பிராட்வே தெருப் பக்கம் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தெருவைத் தோண்டினால் வியாபாரம் என்ன ஆகும்?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. யுனிவர்சிட்டி அவென்யூவில் தெருவோரப் பார்க்கிங்கில் பெரும்பகுதி போய்விட்டது. கட்டுமானக் காலத்து வியாபார இழப்பை, திட்டத்தின் பாதிப்புகளைச் சொல்லும் சுற்றுச்சூழல் அறிக்கை சரியாக ஆராயவில்லை என்று 2011 ஜனவரியில் மத்திய நீதிமன்றமே சொன்னது, ஆனால் வேலையை நிறுத்தவில்லை. சிறு கடைகளுக்கு 20,000 டாலர் வரை, நிபந்தனையோடு தள்ளுபடியாகும் கடன் கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து அங்கே தவித்தவர்கள் பலர், பழைய விற்பனைக் கணக்கைக் காட்ட முடியாதவர்கள். நீங்கள் இன்றிலிருந்தே மாதக் கணக்கை எழுதி வையுங்கள் சார். உதவித் தொகை, கடைக்கு வழி காட்டும் பலகை, லாரி சரக்கு இறக்க இடம், இதையெல்லாம் தோண்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நீட்டிப்பில் பாதையை 21-வது அவென்யூ, வாஷிங்டன் அவென்யூ பக்கம் திருப்பியிருக்கிறார்கள், அதனால் உங்கள் தெருவின் ஒரு பகுதி தப்பியது. ஆனாலும் பக்கத்துத் தெருவில் நடக்கும் வேலை உங்கள் வாடிக்கையாளரையும் தடுக்கும்.

பாதை எதற்கு மாறியது?

பழைய திட்டத்தில் சுமார் எட்டு மைல் சரக்கு ரயில் கம்பெனியான பிஎன்எஸ்எஃப்-இன் நிலத்தில் போக வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தை பலிக்காமல் 2020இல் அதைக் கைவிட்டார்கள். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பழைய பாதைக்குக் கருத்து எழுதியவர்கள் புதிய பாதைக்கும் எழுத வேண்டி வந்தது.

ரயில் வந்தால் வாடகை ஏறி எங்களைத் துரத்திவிடுவார்களோ?

இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் வைப்பேன். ரயிலை வேண்டாம் என்று சொல்லாமல், ரயில் வரும்போது நாங்களும் இங்கேயே இருக்க வேண்டும் என்று வடக்கு மினியாபொலிஸ் மக்கள் கேட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தோடு சேர்ந்து இதற்கென்று ஒரு குழு வேலை செய்தது, 2023இல் மாநில சட்டமன்றம் 1 கோடி டாலர் ஒதுக்கியது. மொத்தச் செலவோடு பார்த்தால் சின்னத் தொகை, போதாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தண்டவாளம் போடும் முன்பே இதற்கென்று பணம் வைக்க வைத்தது பெரிய விஷயம். அது யாருக்குப் போகிறது என்பதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிவு கடைசியில் யார் கையில்?

கட்டுவது இந்த வட்டாரத்தின் திட்ட அமைப்பான மெட்ரோபாலிட்டன் கவுன்சில். அதன் 17 பேரும் ஆளுநர் நியமிப்பவர்கள், நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. ஆனால் மாநிலச் சட்டப்படி பாதையில் உள்ள நகரங்களிடமும் கவுண்டியிடமும் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒப்புதல் கேட்டாக வேண்டும். நகர மன்றம் மறுத்தால், எதை மாற்றினால் ஒத்துக்கொள்வோம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கோரிக்கை ஏற வேண்டுமானால் உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஓட்டெடுப்புக்கு மாதக்கணக்கில் முன்பே போயிருக்க வேண்டும்.

அக்கா ஒருவர் கேட்டது: நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம், வாடகை வீடு. பேச உரிமை உண்டா?

தாராளமாக உண்டு அக்கா. கருத்துச் சொல்லக் குடியுரிமையும் வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம். "ரயில் நல்லது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சந்திப்பு, எத்தனை மணிக்கு, பிள்ளையோடு சாலையைக் கடக்க என்ன கஷ்டம் என்று எழுதுங்கள். சுற்றுச்சூழல் அறிக்கைக்கு அப்படிக் குறிப்பாக எழுதும் கருத்துக்கு இறுதி அறிக்கையில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும். பாதை முடிவான பிறகும் நடைபாதை, விளக்கு, பஸ் இணைப்பு, பனி வாருவது எல்லாம் பேசலாம். பனியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள், ஜனவரியில் பிளாட்பாரம் வரை நடக்க முடியாவிட்டால் ஸ்டேஷன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.